பன்னிரண்டு போர்டும் மறுவளமாகப் பதிந்த கதை

1. கேத்தல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் தந்தது தேத்தண்ணிக் கேத்தல்.

சுனாமிக் கடல் வந்து போன பிறகு, வாவிக்கரை முகாம்களுக்கு அவசர விளக்குச் செய்யவென்று ஒரு நிவாரண நிறுவனம் களுவாஞ்சிக்குடியில் பட்டறை திறந்தது. ஆறு பெண்களை எடுத்தார்கள். ஐந்து பேருக்கு மேசை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், அதனால் எனக்கு அடுப்பு. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் காத்தான்குடிப் புடவைக்கடை ஒன்றில் சாரமும் சேட்டும் அயன் பிடித்து மினுக்கியவள் நான். நான் மடித்து வைத்த சாரத்தில் ஒரு சுருக்கம் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம். ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

பழக்க வந்தவர் கொழும்பில் படித்தவர். சேர் என்போம். விளக்குக்குள் இருக்கும் போர்டை வீட்டு முறையில் செய்யக் காட்டினார். செப்புத் தகடு ஒட்டிய பலகை ஒன்று. விளக்கின் கோடுகளை லேசர் பிரின்டரில் வழுவழுத்த சஞ்சிகைத் தாளில் அடித்து, தாளைச் செப்பின் மேல் கவிழ்த்து, அயனால் சூடாக்க வேண்டும். டோனர் உருகிச் செப்பில் ஒட்டும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்து, பெர்ரிக் குளோரைட் கரைசலில் போட்டால், டோனர் மூடாத செப்பெல்லாம் கரைந்து கோடுகள் மட்டும் மிஞ்சும்.

சேர் அயனைப் பிடித்தது, நிலம் துடைப்பவர் துணியைப் பிடித்த மாதிரி. கோடெல்லாம் இழுபட்டுச் சாம்பாராகிவிட்டது.

"சேர், இழுக்காதீங்க. வெச்சு அமத்துங்க. ஆறினாப் பிறகு தண்ணில போடுங்க."

"அம்மா, இது எலெக்ட்ரோனிக்ஸ்."

"ஓம் சேர். அயன் அயன்தானே?"

மூன்று நாள் இழுத்தார். நாலாம் நாள் அயன் என் கைக்கு வந்தது. கேத்தல் யாரிடம் போனதென்று நான் பார்க்கவில்லை.

2. நேராக நின்ற எழுத்து

விளக்குகளைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்றார் சேர். பன்னிரண்டு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு, ஆறு பேரும் வீட்டுக்கு.

மிச்சமிருந்த போர்டும் சரியாகப் பன்னிரண்டு. புதிதாகக் கொழும்பிலிருந்து எடுக்கலாம். ஆனால் கரையாத செப்புப் பலகையையும் ஒரு போத்தல் கறுத்த மருந்தையும் கண்டால் சோதனைச் சாவடியில் என்ன கேட்பார்கள் என்று அந்த யுத்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்குள் வராது.

திங்கட்கிழமை சேர் தாள்களை அடித்துத் தந்தார். தாளின் மூலையில் நிறுவனத்தின் பெயர் எப்போதும் இருக்கும். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் லேபல் எந்தப் பக்கம் பார்க்கிறதென்று இருபத்திரண்டு வருடம் பார்த்த கண். வழக்கமாகத் தாளில் அந்தப் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் மறுவளமாக நிற்கும், செப்பில் பதிந்ததும் நேராகிவிடும். அன்று தாளிலேயே நேராக நின்றது.

"சேர், இண்டைக்கு எழுத்து நேரா கிடக்கு."

"நேரா இருந்தா நல்லதுதானே, அம்மா? உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஒன்றை மினுக்கிக் காட்டிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் பன்னிரண்டையும் மினுக்கினேன். ஒரு கோடு இழுபடவில்லை. அவ்வளவு அழகாக ஒரு பிழையை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

செவ்வாய் முழுக்கக் கரைசலில் போட்டெடுத்துத் துளை போட்டார்கள். புதன் காலை பரிமளம் எட்டுக் கால் உள்ள ஐசிச் சிப்பை வைத்துப் பார்த்தாள். மேசைக்காரிகளில் கைத்திறமானவள் அவள். முதலாம் கால் இருக்க வேண்டிய துளையில் எட்டாம் கால் நின்றது. பன்னிரண்டிலும் அப்படியே.

"அயன் சூடு கூடிட்டுதாக்கும்," என்றார் சேர்.

பரிமளம் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "மச்சாள், பிழையெண்டு தெரிஞ்சுதானே மினுக்கினீங்க? உங்கட வீம்புக்கு எங்கட சோத்திலயா கை வெக்கிற?"

ஒரு போர்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

3. கறுப்புத் துணி

கறுப்புத் துணியை நல்ல பக்கத்தில் மினுக்கினால் பளபளவென்று தழும்பு விழும். உட்பக்கத்தை வெளியே திருப்பித்தான் மினுக்குவோம். அன்று பகல் சோற்றை மூடி வைத்துவிட்டேன். அந்தப் போர்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது நினைவு வந்தது.

"பரிமளம், சாமானெல்லாம் வெறும் பக்கத்தாலதானே குத்துற? செப்புப் பக்கத்தால குத்திப் பாரு."

"அங்கால குத்தினா எப்பிடி ஈயம் ஒட்டுற?"

"முதல்ல குத்து புள்ள."

குத்தினாள். முதலாம் கால் முதலாம் துளையில் நின்றது.

ஈயம் ஒட்டுவதுதான் சிரமம். சாமானைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, பக்கவாட்டில் சூட்டுக்கோலின் ஊசிமுனையை நுழைத்து ஒட்ட வேண்டும். பரிமளம் இரண்டு விரல் சுட்டுக்கொண்டாள், என்னை ஏசிக்கொண்டே. வியாழன் பின்னேரம் பதினொரு விளக்கு எரிந்தது. பன்னிரண்டாவதில் ஒரு கால் ஒட்டுப்படவில்லை. திரும்ப ஒட்டியதும் அதுவும் எரிந்தது.

சேர் போனை எடுத்துக் கொழும்புக்குச் சொன்னார்: "ஓம், புது டிசைன். எல்லாம் ஒரே பக்கம். ரிப்பேர் ஈசி. நான்தான் டெவலப் பண்ணினது."

4. வெள்ளிக்கிழமை

காலையில் சேர் நிறுவனத்தின் கறுப்பு டீ-சேட்டைக் கொண்டுவந்தார், மினுக்கித் தரச் சொல்லி. திருப்பி மினுக்கினேன். திருப்பியபடியே கொடுத்தேன்.

"சேர், உட்பக்கம் வெளியால கிடக்கு. பாத்துப் போடுங்க."

"தெரியும், தெரியும்."

வாசலில் வாகனம் வந்துவிட்டது. அவசரத்தில் தலையை நுழைத்தார். தையலெல்லாம் வெளியே, கழுத்தில் லேபல் கொடிபோல. வெள்ளைக்காரிக்குக் கைகொடுத்து, புது டிசைனை விளக்கி, படமும் எடுத்துக்கொண்டார். எல்லோரும் போனபின் பரிமளம் மெதுவாகக் கேட்டாள்:

"சேர், இதுவும் புது டிசைனோ? ரிப்பேர் ஈசியா?"

பட்டறை நிலைத்தது. யுத்தம் முடிந்து, பாதை திறந்து, கொழும்பில் அச்சடித்த போர்டுகள் வரும்வரை ஆறு பேரும் அங்கேதான் இருந்தோம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். தாளில் எழுத்து உங்களைப் பார்த்து நேராக நின்றால் அயனை வைக்காதீர்கள். மேலே இருப்பவர் கேட்காவிட்டால் ஒன்றை மட்டும் மினுக்கிக் காட்டுங்கள். பன்னிரண்டையும் மினுக்குவது கெட்டித்தனம் இல்லை, பக்கத்தில் இருப்பவளின் சோறு அது.

டீ-சேட் வேறு. அதை இன்றைக்குத் தந்தாலும் அப்படியேதான் கொடுப்பேன்.