கொச்சங்காடியில் மின்னும் விளக்குகள்

வழி கேட்க நிறுத்திய கார், இஞ்சி மணக்கும் ஒரு கிடங்கின் வாசலிலேயே நின்றுவிட்டது. சாவியைத் திருகினால் பேட்டரி, பிரேக், ஏர்பேக் என்று டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் மின்னுகின்றன. எஞ்சின் மட்டும் எடுக்கவில்லை. பதினொரு மணிக்குக் களமசேரியில் மகளுக்குக் கல்லூரி நேர்காணல். சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

எதிர்ப் பட்டறையிலிருந்து மெக்கானிக் நாசர் வருகிறார். மலையாள ஊர் என்றாலும் வீட்டில் தமிழ்தான் பேசுவார்களாம். பானெட்டைத் திறந்து, பேட்டரி முனையில் மாட்டியிருக்கும் கம்பியை ஆட்டிப் பார்த்துக் கழற்றுகிறார். உள்ளே காய்ந்த மஞ்சள் பொருக்கு.

"இது என்ன சாரே?"

"சந்தனம்," என்கிறேன். நேற்று ஊரில் கிளம்பும் முன் நானே கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, மறுபடி மாட்டினேன். வழியில் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்றுதான்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். "எஞ்சினுக்கு ஒரு குழப்பமும் இல்ல. சந்தனம் ஈரமா இருந்தவரைக்கும் வண்டி ஓடியிருக்கு. இப்ப காஞ்சு கரண்ட மறிக்குது, அவ்வளவுதான்."

உப்புத்தாளால் முனையைத் தேய்த்துக் கம்பியை இறுக்குகிறார். சாவியைத் திருகுகிறேன். எஞ்சின் உறுமுகிறது, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. பின்னால் மகள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது.

பேட்டரியைச் சுற்றித் துடைத்த நாசர், எஞ்சின் மூடிமேல் நான் வைத்த இன்னொரு பொட்டை மட்டும் தொடவில்லை.

"இது இருக்கட்டும் சாரே. இதால ஒரு தொந்தரவும் இல்ல," என்று பானெட்டை மூடுகிறார். பிறகு பின்கதவு ஜன்னலில் குனிகிறார். "மோளே, நல்லா பேசிட்டு வா."