கவை என்று எழுதிய அட்டை

எங்கள் மாமா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் மொட்டைமாடிக்குமாக நடப்பார். "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்த மனுஷன்" என்பாள் அத்தை. தன் மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்தும்போது மட்டும் அவரிடம் அசைவே இருக்காது. பொருத்தி முடித்ததும் கால் ஆடத் தொடங்கிவிடும்.

மாடியில் அவர் வளர்த்தவை எல்லாம் சைக்கஸ். பார்க்கப் பனங்கன்று மாதிரி இருக்கும், ஆனால் பனையல்ல. பனைக்கெல்லாம் வெகுகாலம் மூத்த இனம். மனது வைத்தால் வருடத்துக்கு ஒரு சுற்று இலை விடும். இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. இப்படிப்பட்டவர் இப்படியொரு செடியை ஏன் பிடித்துக்கொண்டார் என்று கேட்டால் அத்தை சொல்வாள்: "வேற எதுவா இருந்தாலும் இவரைப் பார்த்து ஓடிப்போயிருக்கும்."

அவர் தேடியது ஒரே ஒரு வகையை. அதன் இலைகள் பாம்பின் நாக்குப்போல இரண்டாகப் பிரியும். பிரிந்தது மறுபடியும் பிரியும். செடிப் பைத்தியங்கள் அதைக் 'கவை' என்பார்கள். மாமா படத்தில்தான் பார்த்திருந்தார். ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் ஒருவரிடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும், மோட்டார் சைக்கிள் வாங்கச் சேர்த்த பணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனார். சுமக்க என்னையும் கூட்டிப்போனார்.

நாங்கள் தூக்கி வந்தது கருகிய அன்னாசிப்பழம் மாதிரி ஒரு மொட்டைக் கட்டை. வேரோடு பெயர்க்கும்போது இலைகளை ஒட்ட வெட்டிவிடுவார்கள், செடி வாடாமலிருக்க. அடையாளத்துக்கு இருந்தது கழுத்தில் கட்டிய பிளாஸ்டிக் அட்டை மட்டும். அதில் பென்சிலால் 'கவை'.

"இதுக்கா வண்டியைக் கொடுத்தீங்க?" என்றாள் அத்தை.

"இலை வரட்டும், பாரு."

"வந்தா அதுல ஏறி கடைக்குப் போவீங்களா?"

பல மாதங்கள் அது கட்டையாகவே இருந்தது. பிறகு ஒரு காலை, உச்சியில் பழுப்பு ரோமத்தோடு ஈட்டிகள் கிளம்பின. ஒவ்வொன்றிலும் குட்டி இலைகள் கடிகாரச் சுருள்போலச் சுருண்டிருந்தன. சுருள் அவிழும்வரை எந்த வகையென்று யாராலும் சொல்ல முடியாது. மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷோடு மாடியேறுவார். மத்தியானம் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து லென்ஸை வைத்துப் பார்ப்பார். நகத்தால் ஒரு சுருளை நீவப் போய் ஒடித்துவிட்டார். கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலதில் பொருத்தி அனுப்பிவிட்டு, அந்த ஆள் படியில் தடுமாறித் திரும்பி வந்த பிறகுதான் கவனித்தார்.

சுருள்கள் அவிழ்ந்தன. இலைகள் நேராக, ஊசியாக நீண்டன. ஓரங்கள் உள்பக்கமாக மடிந்திருந்தன. ஒன்றுகூடப் பிரியவில்லை.

"இன்னும் வளரும்போது பிரியலாம்ல மாமா?"

"பிரியறது சுருள்லயே பிரிஞ்சிருக்கும்டா." லென்ஸைச் சட்டையில் துடைத்தார். மறுபடி பார்த்தார். மறுபடி துடைத்தார். "இது ஓட்டல் வாசல் செடி. எல்லா ஓட்டல் வாசல்லயும் நிக்குதே, அது."

துணி காயப்போட வந்த அத்தை, இலையை ஒரு தரம் பார்த்துவிட்டு ஈரத் துணியோடு அப்படியே இறங்கிப்போனாள்.

மறுநாளே பண்ணைக்குப் போனோம். பண்ணைக்காரர் மாமா நீட்டிய இலையையும் அட்டையையும் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏமாத்தல சார். என் பிள்ளைங்க மேல ஆணை. மச்சான்! இங்க வா!"

பண்ணை வேலையெல்லாம் பார்க்கும் அவருடைய மச்சான் தண்ணீர்க் குழாயோடு வந்தார். அட்டையைப் பார்த்தார். "என் எழுத்துதான்."

"கவைன்னு எதுக்குய்யா எழுதின?"

"கவைதானே? ரெட்டைத் தலை செடி ஒண்ணு இருந்துச்சே, கவட்டை மாதிரி. அதுல ஒரு தலையை அறுத்து வெச்சேன். கவைன்னு எழுதினேன்."

"நான் கவைன்னு எழுதறது இலைக்குடா!"

"நான் தண்டுக்கு எழுதினேன். என்கிட்ட என்னைக்கு என்ன சொல்லியிருக்கீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருடம் ஒரே கொட்டகையில் ஒரே சொல்லை வைத்து இரண்டு வேலை நடந்திருக்கிறது. மாமாவுக்கு அதில் அக்கறை இல்லை. அவருடைய கால் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப இலைக் கவை எங்க?"

மச்சான் காதைச் சொறிந்தார். "ஆஸ்பத்திரி வரவேற்பறைக்குச் சும்மா அழகுக்கு ஒரு செடி வேணும்னு பல் டாக்டரம்மா கேட்டாங்க. கவைன்னு போட்டிருந்த இன்னொரு கட்டையைத் தூக்கிக் கொடுத்தேன். அதுவும் நான் அறுத்து வெச்ச சாதா செடின்னு நெனச்சுத்தான்."

கட்டையைத் திருப்பிக் கொடுங்கள், பணத்தைத் தருகிறேன் என்றார் பண்ணைக்காரர். மாமா காதில் அது விழவில்லை. ஏற்கனவே வாசலில் இருந்தார்.

சாயங்காலம் வீட்டில் அத்தை திட்டம் வகுத்துக் கொடுத்தாள். "நம்ம செடியைக் கொண்டுபோங்க. பளபளன்னு இருக்கு. இதை வெச்சுக்கிட்டு அதைக் கொடுங்கன்னு கேளுங்க, சந்தோஷமா கொடுப்பாங்க. அரிய செடி, கிடைக்காத செடின்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க."

"திறக்கல."

"உங்களைத் தெரியும். அதான் சொல்றேன்."

பல் ஆஸ்பத்திரி ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. எங்கள் தொட்டியைப் படிக்கட்டின் கீழ் வைத்துவிட்டு ஏறினோம். வரவேற்பறையின் மூலையில், குழல் விளக்கின் கீழ், அது நின்றது. வெளிச்சம் போதாமல் வெளிறி, நீண்டு தொங்கிய இலைகள். ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, நான்காகப் பிரிந்து. ஒரு கவையில் யாரோ மிட்டாய்க் காகிதத்தைச் செருகியிருந்தார்கள். மாமா அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இலையின் பிளவில் விரலை வைத்தார். கடைப் பட்டறையில் இருக்கும் அசைவின்மை அவருக்கு அங்கே வந்தது.

"யாருக்குப் பல்லு?" என்றாள் வரவேற்புப் பெண்.

மாமா திடுக்கிட்டு என்னைக் காட்டினார். பல்லில் ஒன்றுமே இல்லாத நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போனதும் டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு, "இவருக்கு ஒண்ணுமில்லையே. நீங்கதான் தாடையை இறுக்கிக் கடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. உக்காருங்க" என்று மாமாவை நாற்காலியில் சாய்த்தார். விளக்கை இழுத்தார். "வாயைத் திறங்க."

மாமா திறந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

கவை, அட்டை, மச்சான், கீழே நிற்கும் ஓட்டல் வாசல் செடி, அரிய செடி என்று சொல்லக்கூடாதென்று அத்தை சொன்னதுவரை. டாக்டரம்மா கையில் கண்ணாடிக் குச்சியோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்ச் செடியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இவ்வளவு சொன்னப்புறம் எனக்கே கொடுக்க மனசு வரலையே" என்றார்.

மாமா தலையாட்டினார். முகம் தொங்கிப்போயிருந்தது. ஆனால் வாய் வேறு பேசியது: "இந்த மூலையில செத்துப்போயிடும்மா. வெளிச்சம் வேணும்."

"எங்க வைக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

மூன்று பேருமாகத் தொட்டியைக் கிழக்கு ஜன்னலுக்கு நகர்த்தினோம். காத்திருந்த நோயாளிகள் கன்னத்தைப் பிடித்தபடி கால்களை மடக்கி வழிவிட்டார்கள். டாக்டரம்மா கையைத் தட்டிக்கொண்டார். "இது குட்டி விடுமா?"

"அடியில விடும். வருஷக்கணக்குல ஆகலாம்."

"முதல் குட்டி உங்களுக்கு. அதுவரைக்கும் வந்து பாத்துக்குங்க. பல்லு இல்லாட்டியும் வரலாம்."

இறங்கி வந்து எங்கள் தொட்டியைத் தூக்கிக்கொண்டோம். மாமா வேகமாக நடந்தார்.

"அத்தைகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"குட்டி வரும்னு சொல்வேன்."

"எப்பன்னு கேட்டா?"

மாமா நடையைக் கூட்டினார். தெருமுனையில் சட்டென்று நின்றார். "உச்சியில தண்ணி ஊத்தக்கூடாதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லலடா. குருத்து அழுகிடும்." தொட்டியின் தன் பக்கத்துப் பாரத்தையும் என் மேல் இறக்கிவிட்டு மறுபடி மருந்துக்கடையை நோக்கி ஓடினார்.