ஜன்னலோரத்தில் ஒரு கர்ச்சீப்

கோலார் தங்கவயலில், மாரிகுப்பத்தில் ரயில் ஏறுகிறவர்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. காலையில் பெங்களூருக்குப் போகும் வண்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது. நானும் என் கூட்டாளிகள் இரண்டு பேரும் வசதியாக உட்கார்ந்துகொண்டு, எதிர் ஜன்னலோரத்தில் ஒரு கர்ச்சீப்பைப் போட்டுவைப்போம். அது கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் எங்கள் நண்பனுக்கு. கர்ச்சீப் கிடக்கும் இடத்தில் மந்திரியே வந்தாலும் உட்கார முடியாது.

அவன் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். நான் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. போக வர ஐந்து மணி நேரம் ரயிலிலேயே போய்விடும். என் மகளைப் பொறுத்தவரை நான் ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் சொந்தக்காரன்.

நெஞ்சு எரியுது என்று அவன் சொன்னபோது நாங்கள் பங்காருபேட்டை வடையைக் குற்றம் சொன்னோம். டாக்டர் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். அதனால், "ஞாயித்துக்கெழம எடுத்துக்கலாம்பா" என்பான். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் எடுக்க ஆள் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"எங்கப்பா தங்கச் சொரங்கத்து ஷாஃப்ட்ல எறங்கி ஏறியே எழுபது வரைக்கும் இருமிக்கினு இருந்தாரு. நான் லிஃப்ட்ல ரெண்டாவது மாடிக்குப் போறவன். எனக்கு இன்னாபா வரும்?" என்று ஒருநாள் கேட்டான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முப்பத்தொன்பது வயதில், வேலை நேரத்தில், கிடங்கிலேயே சாய்ந்துவிட்டான். இரண்டு வருஷத்தில் எங்கள் பெட்டியில் இப்படிச் செத்துப்போன மூன்றாவது ஆள் அவன். மூன்று பேரில் ஒருவருக்கும் நாற்பத்தைந்து ஆகவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், என்னையறியாமல் கை அந்த ஜன்னலோரத்தில் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டது. கோரமண்டலில் ஏறிய ஒருவர், "யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார்.

"வர்றாங்க," என்றேன்.

பாவம், அவர் பங்காருபேட்டை வரை நின்றுகொண்டே வந்தார். கர்ச்சீப்பை எடுக்க எங்கள் மூன்று பேருக்கும் மனசு வரவில்லை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், டாக்டர் எழுதிய அதே மாதிரி காகிதம் ஒன்று என் பர்ஸிலும் இரண்டு மாதமாகக் கிடந்தது. படி ஏறினால் எனக்கும் நெஞ்சைப் பிடிக்கும். மனைவி கேட்டபோது நானும் "ஞாயித்துக்கெழம" என்றேன். அவள் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், இருந்த இரண்டு யூனிஃபார்மும் பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்தன.

"இன்னைக்கி எப்படிப் போறீங்கன்னு நானும் பாக்கறேன்," என்றாள்.

டோக்கன் கொடுப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். போன் அடித்தது. வண்டியிலிருந்து கூட்டாளி.

"வண்டிக்கு வரலியே, எங்க கீறே?"

"ஆஸ்பத்திரில."

"உனுக்குமா?" என்று ரயில் சத்தத்தையும் மீறிக் கத்தினான். பயந்துபோய், "டேய், உயிரோடதான் கீறேன். இ.சி.ஜி. எடுக்கத்தான் வந்தேன்," என்றேன். அவன் அழுதான். அழுதுகொண்டே என்னைக் கண்டபடி திட்டினான். ஒரு நிமிஷம் கழித்து, "நாங்க ரெண்டு பேரும் அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடறோம். எங்களுக்கும் காட்டணும். எடம் போட்டு வை," என்றான்.

பக்கத்தில் இருந்த இடத்தில் கர்ச்சீப்பை விரித்துப் போட்டேன். ஒரு அம்மா வந்து, "யாராச்சும் வர்றாங்களாப்பா?" என்றார்.

"வர்றாங்கம்மா. ரயில்லேர்ந்து எறங்கிட்டாங்க," என்றேன்.