சீமெந்துத் தரைமேல் பலகை போட்ட கதை

நேற்று ஒரு தம்பி இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார்: "சீமெந்துத் தரைக்கு மேல மரப்பலகை போடலாமோ?"

போடலாம். எழுபதுகளில் திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டில் போட்டோம்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஒழுங்காகச் சொல்கிறேன்:

1. ஏன் போட்டோம்.

2. எப்படிப் போட்டோம்.

3. மாரியில் சீமெந்து ஈரம் கசியும், அதனால் பலகை எழும்பும்.

4. எழும்பியதை எப்படி இறக்கினோம்.

முதலாவது. மனைவி பரிமளம் வீட்டு மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பரதம் பழக்கினாள். அவளுக்குக் குதிக்கால் வீங்கிவிட்டது.

டொக்டர் சொன்னார்: "சீமெந்தில ஆடுறதை விடுங்கோ. இல்லாட்டி ஆட்டத்தையே விடவேண்டி வரும்."

அவள் ஆட்டத்தை விடுவதாக இல்லை. ஆகவே பலகை.

இரண்டாவது. முதிரைப் பலகை கிடைத்தது. தச்சுவேலைக்கு ஓடாவி கிடைக்கவில்லை. கடைசியில் கிண்ணியாவிலிருந்து காசிம் காக்கா வந்தார். (காக்கா என்றால் அங்கே அண்ணன்.) தோணி கட்டுகிறவர்.

சீமெந்தில் தார் பூசினோம். அதன்மேல் சட்டம் அடித்து, பலகையைப் பலகையோடு நெருக்கி இறுக்கினார். பலகை ஊறினால் விரிய, சுவரோரம் விரல் நுழைய இடைவெளி விடவேண்டும் என்று நான் எங்கோ வாசித்திருந்தேன். மெல்லச் சொன்னேன்.

"இடைவெளி விட்டா தண்ணி உள்ள வந்திரும் மாஸ்டர்!"

"வீட்டுக்குள்ள தண்ணி எங்கயிருந்து காக்கா வரும்?"

"தெரியா. ஆனா என்ட கை இடைவெளி விடாது."

நான் விட்டுவிட்டேன். (வாசித்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம்.)

விஜயதசமிக்கு வகுப்புத் திரும்பத் தொடங்கியது. தட்டடவு போட்டால் தெருமுனை வரை கேட்கும்! பரிமளத்தின் கால் வீக்கம் வற்றியது.

மூன்றாவது. கார்த்திகை மழை வந்தது. மண்டபத்தின் நடுவில் பலகை ஆமை முதுகு போல எழும்பியது. ஒரு பிள்ளை தடக்கி விழுந்தாள்.

தாய் வந்து நின்றார். "கால் நோகாது எண்டுதானே ரீச்சர் அனுப்பினனான்? இப்ப முழங்கால் உடைஞ்சிருக்கும். இனி அனுப்ப ஏலாது."

இன்னும் சில பிள்ளைகளும் வகுப்புக்கு வராமல் நின்றார்கள். திரும்பவும் சீமெந்தில் ஆடுவது, அல்லது வகுப்பை மூடுவது. வேறு வழி தெரியவில்லை.

காசிம் காக்காவுக்குச் சொல்லியனுப்பினேன். பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, படகேறி வந்தார். பார்த்ததும் சொன்னார்:

"உங்கட சீமெந்துதான் பிழை மாஸ்டர். கீழயிருந்து ஈரம் ஏறுது."

"தார் பூசினனாங்கள்தானே காக்கா?"

"அப்ப தார் பிழை."

"தாரும் நீங்கள்தானே பூசினனீங்கள்?"

அந்த நேரம் பரிமளம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். கையில் வாளி.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. வெள்ளிக்கிழமை. வீடு கழுவோணும்."

ஊற்றினாள்.

முழு வாளி!

பிறகு இன்னொன்று. தண்ணீர் பலகைமேல் கொஞ்ச நேரம் நின்று, மெதுவாக உள்ளே போனது. வெள்ளிக் காலைகளில் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். கண்டதேயில்லை.

காசிம் காக்கா கேட்டார்: "தங்கச்சி, ஒவ்வொரு வெள்ளியும் இப்பிடியா?"

"பின்ன? லட்சுமி வாற நாள் எல்லோ."

"நான் கட்டின தோணிக்குள்ளயும் இவ்வளவு தண்ணி வந்ததில்ல மாஸ்டர்!"

சிரிப்பை அடக்க நான் சுவரைப் பார்த்தேன்.

பரிமளத்துக்கு விளங்கிவிட்டது. வாளியைக் கீழே வைத்தாள். "அப்ப என்ன, லட்சுமியை வரவேண்டாம் எண்டு சொல்லோணுமோ?"

"வரட்டும் தங்கச்சி. கால் நனையாம வரட்டும்!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். (அவளுக்குப் பிறகு.)

நான்காவது. பலகைகளைக் கழற்றிக் காயவைத்தோம். காசிம் காக்கா சுவரோரம் விரல் இடைவெளி விட்டு மறுபடி அடித்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் வாசற்படிக்கு மட்டும் தண்ணீர். பலகைக்கு மஞ்சள் நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி.

பொங்கல் முடிய, விழுந்த பிள்ளையைத் தாயே கூட்டி வந்தார். "என்ன ரீச்சர் நடந்தது?"

பரிமளம் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "மாரிதானே. சீமெந்து ஈரம் கசிஞ்சிட்டுது."

அன்றுமுதல் கேட்டவர்களுக்கெல்லாம் அதுதான் பதில். மேலே பட்டியலில் மூன்றாவதாக எழுதியதும் பழக்கத்தில் வந்தது.

ஆனால் கேள்வி கேட்ட தம்பி தன் வீட்டில் பலகை போடப்போகிறார். ஆகவே: அந்த மூன்றாவது வரி பிழை. எங்கள் வீட்டு ஈரம் கீழிருந்து ஏறவில்லை, மேலிருந்து இறங்கியது.

(பரிமளமும் முகநூலில் இருக்கிறாள். தயவுசெய்து யாரும் இதைப் பகிர வேண்டாம்.)