என் காலா, காரின் பிரேக்கா

சிக்குன்குனியா வந்து போன மூன்றாவது மாதம், என் வலது காலில் பலம் போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்போது நாங்கள் தெலுங்கு பேசும் பெருநகர் ஒன்றில், போவன்பள்ளியில் குடியிருந்தோம். எனக்கு வேலை நகரின் மறுகோடியில் கச்சிபௌலியில், ஒரு மென்பொருள் நிறுவனத்தில். கணவருக்குப் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் வேலை. அவருடைய அலுவலகப் பேருந்து தெருமுனைக்கே வந்துவிடும் என்பதால் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். அதன் பிரேக் எப்படி இருக்கிறது என்று மிதித்துப் பார்த்துச் சொல்ல வீட்டில் வேறு கால் கிடையாது.

காய்ச்சல் நாலு நாளில் விட்டது, மூட்டுவலி விடவில்லை. காலையில் டம்ளரைப் பிடிக்க விரல் மடங்காது. அலுவலகத்திலும் அந்தக் காய்ச்சல் வந்துபோன பாதிப் பேர் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கினார்கள். அதனால், ஒரு நாள் சிக்னலில் பிரேக்கை மிதித்தால் கல்லை மிதிப்பது போல் இருந்தபோது, காரைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தால் நின்றது. போதும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் நிலைமை மோசமானது. வீட்டுக்கு வந்ததும் தொடை நடுங்கும். கணவர் தைலம் தேய்த்துவிட்டார். "சத்துக் குறைவா இருக்கும். நரம்பு டாக்டர் ஒருத்தரையும் பாத்துடலாம்" என்றார். அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கினோம். அவரிடம் நான் சொல்லாதது ஒன்று இருந்தது. கார் ஓட்ட முடியாவிட்டால் அந்த வேலைக்குப் போக முடியாது. என் அலுவலக வண்டி எங்கள் பக்கம் வராது. ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை மனதுக்குள் எழுதிக்கூடப் பார்த்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, ஆறு வயது மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். மொத்த வியாபாரக் காய்கறி ஏற்றிய லாரி ஒன்று, சந்திலிருந்து திடீரென்று பின்னோக்கி வந்து சாலையை அடைத்தது. மிதித்தேன். கார் மெதுவானதே தவிர நிற்கவில்லை. இடது காலையும் தூக்கி பிரேக் மேல் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து எம்பி நின்றேன். இன்ஜின் அணைந்து, லாரியின் பின்பலகைக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. மேலே கோஸ் மூட்டைகள்.

"அம்மா, வொய் ஆர் யூ ஸ்டாண்டிங்?" என்று கேட்டாள் மகள்.

"ஒண்ணுமில்லடா கண்ணா. உக்காந்துட்டேன் பாரு" என்றேன். 

எதிரே ஒரு மெக்கானிக் ஷெட். அங்கிருந்து ஒருவர் ஓடிவந்து ஆட்களைக் கூப்பிட்டுக் காரைத் தள்ளி ஓரமாக நிறுத்தினார். நான் மகளிடம் பேசியதைக் கேட்டிருக்கிறார். "தமிழாம்மா? நானும்தான். இதே ஊர் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பொறந்தவன்" என்றார். நாற்பது வயதிருக்கும்.

"கார்ல ஒண்ணும் இல்லீங்க. என் கால்தான் சரியில்ல" என்று காய்ச்சல் கதையைச் சொன்னேன்.

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "இன்ஜின் ஆஃப்லயே இருக்கட்டும். பிரேக்க அஞ்சாறு தடவ மிதிச்சு விடுங்க. ஹவ், அப்படித்தான். இப்ப மிதிச்ச மாதிரியே வெச்சுக்குங்க, நக்கோ, கால எடுக்காதீங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழ எறங்கணும், எறங்குச்சா?"

"இல்ல. அப்படியே இருக்கு. நான் சரியா அழுத்தலையோ என்னமோ."

"நீங்க எறங்குங்க மேடம்."

அவர் ஏறி உட்கார்ந்து அதே மாதிரி செய்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கும் கல்லு மாதிரிதான் இருக்கு."

அந்த ஒரு வாக்கியத்தில் என் கண் நிறைந்துவிட்டது. அவருடைய கால் தூண் மாதிரி இருந்தது.

பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார். உஸ்ஸென்று ஒரு சத்தம் எனக்கும் கேட்டது. பிரேக்குக்குப் பின்னால் இருக்கும் உருண்டை டப்பாவையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாயில், கிளிப் கவ்வும் இடத்துக்கு அடியில், விரல் நீளத்துக்கு வெடிப்பு.

"இன்ஜின் காத்த உறிஞ்சுற பலம் இந்தக் குழா வழியாத்தான் டப்பாவுக்கு வரணும். அதுதான் உங்க காலோட சேந்து தள்ளுது. இங்க கிழிஞ்சதால வெளிக்காத்து உள்ள போயிடுது. இத்தன நாளா மொத்தத்தையும் நீங்க ஒருத்தரே தள்ளியிருக்கீங்க." வெடிப்பை உள்ளங்கையால் இறுக்கி மூடினார். சத்தம் நின்றது. "இப்ப ஏறி உக்காந்து மிதிங்க."

மிதித்தேன். பெடல் மெத்தென்று இறங்கியது.

"கைக்கு மேடம், எதுக்கு இவ்ளோ நாள் காட்டாம ஓட்டுனீங்க?" என்றார். 

புதுக் குழாய் வாங்கிவந்து மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. டப்பா நன்றாக இருக்கிறதா என்று மறுபடி அதே சோதனையைச் செய்தார். இந்த முறை ஸ்டார்ட் ஆனதும் பெடல் தானாகவே காலுக்கடியில் இறங்கியது. ஓட்டிப் பார்க்க அவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பழக்கதோஷத்தில் நான் முழு பலத்தோடு மிதிக்க, கார் சடாரென்று நின்றது. டாஷ்போர்டில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு, "மெதுவா மேடம், மெதுவா! உங்க கால்ல பலம் இல்லைன்னு யார் சொன்னது?" என்றார். மகள் பின்னாலிருந்து கைதட்டிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ராஜினாமாக் கடிதம் உட்பட. அவர் தைலக் குப்பியை எடுத்து அலமாரியில் வைத்தார். பிறகு, "அடுத்த மாசம் நான் டிரைவிங் ஸ்கூல்ல சேர்றேன்" என்றார். சேர்ந்தார். மூன்று மாதத்தில் லைசென்ஸும் வாங்கிவிட்டார்.

நரம்பு டாக்டரிடம் போகவில்லை. விரல்வலி அந்த மழைக்காலம் முழுவதும் இருந்தது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. காரைச் சரிசெய்த அடுத்த திங்கட்கிழமை, கச்சிபௌலி போகும் வழியில் எல்லா சிக்னலும் சிவப்பு. ஒவ்வொன்றிலும் ஒற்றைக் காலால், உட்கார்ந்தபடியே நிறுத்தினேன்.