ஏழாம் இடத்து மனுசன்

நான் பிரெஞ்சு பேசும் ஒரு வெளிநாட்டு நகரத்தின் புறநகரான புரோசார்டில் ஒரு வீட்டில் சமைக்கிறேன், இரண்டு பிள்ளைகளையும் பார்க்கிறேன். வீட்டுக்காரி நைஜீரியாவின் அனம்ப்ரா மாநிலத்துக்காரி. கணவர் நைஜீரியாவிலேயே, லாகோஸ் நகரத்தில் இருக்கிறார். மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்களைக் கப்பலில் இறக்கி விற்பவர், வருடத்தில் இரண்டு தரம் வந்துபோவார். பெரிய பணக்காரர் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவள் ஓடுவது பழைய கார். பிள்ளைகளைப் படம் எடுக்க விடமாட்டாள். கணவருக்கு என்ன வேலை என்று கேட்டால் "சாமான் விக்கிறார்" என்று கதையை முடித்துவிடுவாள். கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம், நகரத்துக்குள் செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டில் என் மனுசன் கைபேசியை நீட்டினார். அவர் டாக்ஸி ஓடுபவர். முன்பு ஒருமுறை என் வீட்டுக்காரியின் கணவரை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வந்ததால் பெயர் தெரியும், சும்மா தேடியிருக்கிறார். அந்த மாநிலத்துப் பணக்காரர்கள் யார் யார், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு சொத்து என்று எவனோ இணையத்தில் பட்டியல் போட்டிருந்தான். ஏழாவதாக அவர் சிரித்துக்கொண்டு நின்றார். பின்னால் சொந்த ஊரில் கட்டிய மாளிகை, கேட், மதில் எல்லாம் தெளிவாக.

"இஞ்சை பார், உன்ர முதலாளி ஏழாம் இடமாம். நீ என்னெண்டால் அந்த வீட்டிலை மிஞ்சின கறியைக் கட்டிக்கொண்டு வாறாய்."

"வாயை மூடுங்கோ. அந்தக் கறியைத்தானே இப்ப திண்டுகொண்டு இருக்கிறியள்."

அடுத்த நாள் காலை சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனேன். எங்கள் ஆட்களில் ஒருவரின் படம் இப்படி வந்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். "மேடம், வாழ்த்துகள்" என்று கைபேசியை நீட்டினேன். அவள் என்னோடும் கணவரோடும் ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அவள் மூத்த மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்ததும் சீப்பும் கையுமாக அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"இதை எப்ப பார்த்தனீங்கள்?"

"நேற்று இரவு."

"அப்ப அவர் லாகோசிலை படுத்திருந்தார். நீங்கள் எனக்கு ஒரு போன் எடுத்திருந்தால் மறிச்சிருப்பன். விடிய வெளிக்கிட்டிட்டார், ஆன்ரி. இப்ப றோட்டிலை நிக்கிறார்."

டிசம்பரில் அவர்களுடைய ஆட்கள் எங்கே எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். போகாதவனுக்கு அங்கே மரியாதை இல்லை. விமானத்தில் போகலாம். ஆனால் நாலு வாகனத்தோடு ஊருக்குள் போய் இறங்கினால்தான் இவருக்குத் திருப்தி. எந்த வாரம், எந்தத் தெரு என்பது ஆள் கடத்துகிறவனுக்கும் தெரியும். முகமும் சொத்தும்தான் தெரியாமல் இருந்தன. போன வருடம் அவளுடைய சித்தப்பாவை அந்தத் தெருவில் பிடித்தார்கள். கேட்டதைக் கொடுத்தும் ஆள் வரவில்லை. அதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள்.

அவள் அழைத்துக்கொண்டே இருந்தாள். பதில் இல்லை.

எனக்குத் தெரியாத விஷயமா இது? யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்கு இரும்புக்கடை இருந்தது. ஒரு வருடம் கோயில் திருவிழா நோட்டீசில் உபயகாரர் என்று அவர் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்தார்கள். மூன்றாம் நாள் காசு கேட்டு ஆட்கள் வந்தார்கள். பதினொரு நாள் அப்பா எங்கே என்று தெரியாது. திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கடைப் பெயர்ப்பலகையைக் கழற்றினார். அதைப் பார்த்து வளர்ந்த நான், இங்கே வந்து முப்பது வருடம் பயமில்லாமல் சோறு தின்று மூளை மழுங்கி, அதே மாதிரி ஒரு நோட்டீசைக் கொண்டுபோய் வாழ்த்துச் சொல்லியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டரை மணித்தியாலம். அவள் நிலத்திலிருந்தே அழைத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஏன் நிலத்தில் இருக்கிறா என்று சின்னவன் பிரெஞ்சில் கேட்டான். தலைக்குக் குத்துகிற கிளிப்பைத் தேடுகிறா என்றேன். அவனும் குப்புறப் படுத்து சோபாவுக்குக் கீழே தேடத் தொடங்கினான்.

பிறகு கைபேசி அடித்தது. திரையில் அவர். பின்னால் பாட்டு, கூட்டம். வழியில் சார்ஜ் தீர்ந்துபோனதாம், இப்போது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். அவள் அழுதுகொண்டே பட்டியலைப் பற்றிக் கேட்டாள்.

"பார்த்திட்டியே! ஏழாம் இடம்! டயர் விக்கிறவனை அஞ்சாம் இடத்திலை போட்டிருக்கிறாங்கள், மடையங்கள்."

"படம் ஆர் குடுத்தது?"

"நான்தான். சீனாவிலை சரக்குத் தாறவன், வங்கிக்காரன் எல்லாரும் இதைத்தான் பாக்கிறாங்கள். சின்ன ஆளுக்கு ஆர் சாமான் குடுப்பான்?"

என்னால் பொறுக்க முடியவில்லை. திரைக்கு முன்னால் போனேன். "ஐயா, அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுங்கோ. உங்களுக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு."

"ஆரிது? ஓ, சமைக்கிற ஆன்ரி. பயப்பிடாதேங்கோ, என்னோடை ஆறு பொலிஸ் நிக்குது."

"அந்த ஆறு பேரும் உங்கட படத்தைப் பார்க்கேல்லையோ?"

அவர் சிரிப்பதை நிறுத்தினார். அவள் கைபேசியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பிள்ளையள் வரமாட்டினம்."

திங்கட்கிழமை அவளும் பிள்ளைகளும் அந்த ஊருக்குப் போக விமானச் சீட்டு எடுத்திருந்தார்கள். அவர் கத்தினார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறதாம், மாடு கட்டியாகிவிட்டதாம்.

"மாட்டை வெட்டித் தின்னுங்கோ. பிள்ளையள் வரமாட்டினம்." அழைப்பைத் துண்டித்தாள்.

மூத்தவள் பாதி பின்னிய தலையோடு நின்று, அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அழுதாள்.  நடையில் கட்டி வைத்திருந்த பெட்டியைத் தாய் அறைக்குள் இழுத்து வந்தாள். அதன் ஜிப்பை நான் திறந்தேன். ஊரில் போட மூன்று பேருக்கும் ஒரே துணியில் தைத்த சட்டைகள், புதுச் சப்பாத்துகள். அவள் எடுத்துத் தர நான் அலுமாரியில் அடுக்கினேன்.

அந்த ஒரு நாள் தப்பினார், அவ்வளவுதான். புது வருடம் பிறந்து, அதே தெருவால் லாகோசுக்குத் திரும்ப வேண்டும். அவர் புறப்படும் நாளில் தன்னோடு வந்து இருக்கும்படி அவள் கேட்டிருக்கிறாள். ஓம் என்றேன். எனக்கும் அதைத் தனியே இருந்து தாங்கத் தைரியம் இல்லை. இதை எழுதும் இன்றைக்கு அதற்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.