நாற்காலியில் மாட்டிய சட்டை

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ரப்பர் வாஷர் பட்டறை தொடங்கினேன். எனக்குத் திருமணமாகவில்லை. ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஓனர் இல்லியாம்மா?" என்பார்கள். எரிச்சலில் ஆண் சட்டை ஒன்று வாங்கி, உள்ளறை நாற்காலியில் மாட்டிவிட்டு, "உள்ளே வேலையா இருக்கார்" என்று சொல்லத் தொடங்கினேன். ஆர்டர்கள் குவிந்தன.

ஒரு மதியம், சரக்கெடுக்க வந்த வேன் டிரைவர் உள்ளறையிலிருந்து வந்தார்.

"ஓனராண்ட பேசிகினு வந்தேன்மா. இனிமே நீ ஊட்லயே கீறியாமே? எல்லாத்தையும் அவரே பாத்துக்கிறாராம்."

ஓடிப் பார்த்தேன். யாருமில்லை, அறைக்கு வேறு வாசலும் கிடையாது. யாரும் போடாத அந்தச் சட்டையின் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

அன்றே அதை எரித்தேன். இப்போது அந்த நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன். கேட்பவர்களிடம், "நான்தான் ஓனர்" என்கிறேன். சிலர் திரும்பிப் போகிறார்கள். போகட்டும்.